அடி தாங்கும் பூல் டேபிள்

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில் மரச்சாமான் கடை வைத்திருந்த அந்த ராவுத்தர், எந்தச் சாமானின் உறுதியையும் அடித்துத்தான் காட்டுவார். அவர் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

நானும் தம்பியும் வீட்டுக்கு, குச்சியால் பந்தைக் குழியில் தள்ளி விளையாடும் பூல் டேபிள் வாங்கப் போனோம். துணிக்கு அடியில் கல் பலகை பதித்த தேக்கு டேபிள் ஒன்றின் மேல் ஆட்டக் குச்சியால் ஓங்கி அடித்தார். குச்சிதான் முறிந்தது.

"இது எங்க வீட்டுல கிடந்தது சாரே. தோத்த ஆத்திரத்துல அண்ணன் என் மூஞ்சியை இதுலதான் இடிச்சான். டேபிளுக்கு ஒரு கீறல் இல்ல, கேட்டோ."

"அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறம் அவன் தலையைப் பிடிச்சு நான் இடிச்சேன். அதையும் தாங்கிச்சு."

அதையே வாங்கினோம். மேலே பலகை போட்டு அதில்தான் சாப்பிடுகிறோம். விளையாடும்போது தம்பி குச்சியை இறுக்கிப் பிடித்தால் அந்த மூக்கு ஞாபகம் வரும். கடைசிப் பந்தைத் தவறவிட்டுவிடுவேன்.