தொப்புள் ஆறாத சுறா

போன வாரம் என் மகள் மந்தாரக்குப்பம் மீன் கடையிலிருந்து வந்து, பையை அடுப்படியில் வைத்துவிட்டு வாசல்வரை கேட்கிற மாதிரி சொன்னாள். "அம்மா, பால் சுறா வாங்கியாந்திருக்கேன். புட்டு செஞ்சு குடு. இவளுக்கு இன்னும் சரியா ஊறல." இவள் என்றது என் பேத்தியை. அவள் பிள்ளை பெற்று அன்றைக்கு ஆறாம் நாள். வாசலில் பேத்தியின் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. அந்த மீனின் பேரை நாலு பேர் காதில் விழச் சொல்ல இந்த வயதிலும் எனக்கு வாய் வந்ததில்லை.

சிரிக்காதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், யாரோடும் அதிகம் பேசிப் பழகாதவள்.

பையைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. மற்ற மீன் கெட்டால்தான் நாறும். சுறா அப்படியில்லை, கொஞ்ச நேரம் வெளியே கிடந்தாலே மூத்திர வாடை மாதிரி மூக்கில் ஏறும். அந்த வாடையோடுதான் அந்தக் காலத்தில் மீன்காரி அஞ்சலை அக்கா எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு வருவாள். கடலூரில் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறி வந்து, குவார்ட்டர்ஸ் தெருவில் வேப்பமரத்தடியில் கூடையை இறக்குவாள். "சுறா இருந்தா கண்டக்டரு கடைசி சீட்டுக்கு வெரட்டுறாரு. எனக்கு நல்லதாப் போச்சு, காலை நீட்டிகினு வரேன்" என்பாள்.

இன்று பை தூக்கி வந்த இதே மகள் அப்போது பிறந்து நாலு நாள். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். மாமியார் தெற்கே இருந்தார், வந்து சேரவில்லை. வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிப்ட். பிள்ளை அழுகிறது, மார்பில் ஒன்றுமில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் அக்காதான் காதோடு சொன்னார், பால் சுறா வாங்கித் தின்னு என்று. திருவதிகைப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள் நான். பால் சுறா என்றால் ஆடு மாதிரி குட்டிக்குப் பால் கொடுக்கிற மீன் என்றே நினைத்தேன்.

மரத்தடிக்குப் போனால், எதிர் வீட்டுக்காரர் அங்கே சைக்கிள் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னா வேணும் தங்கச்சி?"

"அந்த... சுறாங்க."

"எந்தச் சுறா? பேரு இல்லையா அதுக்கு?"

நான் புடவைத் தலைப்பைத் திருகினேன். உள்ளே பிள்ளை வீறிட்டது. அஞ்சலை அக்கா ஒரு தரம் என் மார்பைப் பார்த்தாள், ஒரு தரம் சைக்கிள்காரரைப் பார்த்தாள். "புரிஞ்சுது, போ. இன்னிக்கு இல்ல, நாளைக்கு எடுத்தாரேன்" என்றாள்.

மறுநாள் என் வாசலுக்கே வந்து, அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். மீன் ரெண்டு முழம் இருக்கும், சாம்பல் நிறம். "தடவிப் பாரு" என்றாள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழு. திருப்பித் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைப் பிராண்டியது. "எங்க வூட்டுக்காரரும் இதே கணக்குதான். அவரு போற பக்கமே போனா ஒரு தொந்தரவும் இல்ல."

சிரித்துக்கொண்டே வயிற்றைக் கீறினாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே மூன்று குட்டிகள். கண், துடுப்பு, வால் எல்லாம் முழுசாக இருந்தது. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி தாயின் வயிற்றுக்குள் போனது. ஐந்து நாள் முன்னால் நர்ஸம்மா அறுத்த அதே மாதிரிக் கொடி.

"ஏலத்துல அவசரமா எடுத்துட்டேன், பொரட்டிப் பாக்கல" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "இது முட்டை போடுற சாதி இல்ல தங்கச்சி. நம்மளவிட கூட நாளு சொமக்கும்னு சொல்லுவாங்க. பல்லோடயே பொறக்கும். பொறந்ததும் ஆத்தாகாரி திரும்பிப் பாக்கமாட்டா, அது பாட்டுக்குப் போயி தின்னுக்கும். கொடி இருந்த எடத்துல கொஞ்ச நாளைக்குக் கீறலு இருக்கும், பொறவு மூடிக்கும். மூடாத குட்டி வலையில வந்தா எங்க வூட்டுக்காரரு திருப்பி வுட்டுருவாரு."

"பால் குடுக்காதுங்களா?"

"மீனு எங்கயாவது பாலு குடுக்குமா? பேருதான் அப்படி."

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை வாரி எடுத்தேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன். சட்டென்று மார்பு கூசியது. ரவிக்கை நனைந்தது. பிள்ளை முதன்முதலாக மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தபோது அக்கா எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு போயிருந்தாள். வாசலைக் கழுவி விட்டிருந்தாள்.

அடுத்த நாள் வேறு சுறாவோடு வந்தாள். தெருவில் நின்று அதைப் புரட்டிப் பிடித்தாள். ஆண் சுறாவுக்கு அடி வயிற்றுத் துடுப்போரம் விரல் மாதிரி ரெண்டு நீட்டிக்கொண்டிருக்கும். "பாரு, ஆம்பள. ரெண்டு இருக்குது, சந்தேகம்னா எண்ணிக்கோ. பயப்படாம தின்னு." எதிர் வீட்டுக்காரர் துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்றிருந்தது. அப்புறம் எத்தனையோ வருஷம், சுறா கொண்டு வரும்போதெல்லாம் இந்தக் கூத்துதான்.

பால் வந்துவிட்டதைப் பார்த்து, "பாத்தியா, எல்லாம் அந்த ஆம்பள சுறாவோட வேலை" என்று தெருவெல்லாம் சொன்னாள். முந்தின நாளே வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கம். கடைசிவரை சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. வேறு மீன்காரியிடம் விசாரித்தேன், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றாள்.

போன வாரப் பைக்குள் நாலு சுறா இருந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண்.

"ஏண்டி, பெருசு இல்லையா?"

"இப்பல்லாம் இவ்ளோதாம்மா வருது. பெருசு கேட்டா கடைக்காரரு சிரிக்கிறாரு."

ஒன்றைப் புரட்டினேன். முன் துடுப்புகளுக்கு நடுவே விரல் நுனியில் தட்டியது, ஆறாத கீறல். நாலிலும் இருந்தது.

அன்றைக்குப் புட்டு செய்யவில்லை. மகள் முணுமுணுத்தாள். பூண்டைப் பாலில் வேகவைத்து எடுத்துக்கொண்டு பேத்தியிடம் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிட்டு, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ரவிக்கை நனைந்ததுவரை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு நாளில் அவளுக்கு ஊறியது. பூண்டா, வேறு எதுவா, எனக்குத் தெரியாது.

குவார்ட்டர்ஸ் விட்டு வந்து வெகுநாள் ஆகிறது. அந்த வேப்பமரமும் இப்போது இல்லை. யாராவது ஒருத்தி கூடையை இறக்கி, எந்தச் சுறா, பேரு இல்லையா என்று கேட்டால், நான் இப்போது வாய் நிறையச் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை. கேட்டாலும் புரட்டிக் காட்ட ரெண்டு முழச் சுறா இல்லை.