அடக்க வீடியோவின் மேல் ஏறிய நகல்

என் நண்பனுக்குக் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீடியோ ஸ்டுடியோ. கல்யாணத்துக்கு இணையாக அடக்க வீடியோவுக்கும் ஆள் வரும். பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தால் வேறென்ன செய்வது? அவன் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் தினமும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலாகும்படி நான்தான் அமைத்துக் கொடுத்தேன். நகலும் அசலின் ஃபோல்டர் பெயரையே சுமந்து வரும். இரண்டும் சேர்ந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். ஆகவே அது தானாக மவுண்ட் ஆகி கம்ப்யூட்டரோடு இணையாதபடி தடுத்தும் வைத்தேன். அதைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"கண்ணால பாக்க முடியாத பேக்கப்பு எதுக்கு மக்கா?" என்று கேட்டவன், நான் கிளம்பியதும் யூடியூபைப் பார்த்து அந்தத் தடையை எடுத்துவிட்டான். சொன்னால் கேட்கிற ஜென்மமில்லை.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழும்பியபோது நகல் அசலின் இடத்துக்கே வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நகலில் முந்தின நாள் வரைதான் இருந்தது. அன்று காலை ஏற்றிய, கடற்கரை ஊரான இனயத்து அம்மா ஒருவரின் அடக்கம் அதில் இல்லை. கேமரா கார்டையும் அழித்து ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தான்.

"போச்சு மக்கா, காலைல ஏத்துனது ஒண்ணையும் காணல்ல!" என்று போனில் கத்தினான். "டிஸ்கு கெட்டுப்போச்சு. ஃபார்மேட் அடிச்சிரட்டா?"

"கைய எடுலே! நான் வாறேன்."

அருமனையிலிருந்து பைக்கில் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டினேன். அந்த அம்மாவின் ஒரே மகன் வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலை செய்கிறவன். அம்மா இறந்தபோது நடுக்கடலில் இருந்தான். கரைக்கு வந்த பிறகுதான் அடக்கம் முடிந்ததே அவனுக்குத் தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் இந்தப் புத்திசாலி அவனைக் கூப்பிட்டு, வீடியோ அழிந்துவிட்டது என்று சொல்லியும் முடித்திருந்தான்.

"ஒரு அரைமணிக்கூறு வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதாலே?"

அசலின் மேலிருந்த நகலைக் கழற்றினேன். அடியில் அசல் அப்படியே இருந்தது. மகனைக் கூப்பிட்டு, கிடைத்துவிட்டது என்று நானே சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பெட்டி மூடதுக்கு முந்தி அம்மைக்க மொகம் தெரியுதா அண்ணே?"

ஓட்டிப் பார்த்தேன். கூட்டம், குடை, பூமாலை. அதற்கிடையில் ஓரிடத்தில் தெரிந்தது.

"தெரியுது தம்பி."

"அத மட்டும் அனுப்புங்க. மத்தத என்னால பாக்க முடியாது."