எக்ஸ்பிரஸ் அக்கா கேட்ட ஓட்டு

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்வதுதான் எங்கள் ஆபீசின் வேலை. ஆறு பேர் இருக்கிறோம். என் பக்கத்து மேஜை எக்ஸ்பிரஸ் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை அவருடைய கம்ப்யூட்டர் குரலில் வாசிக்கும். அவர் ஓடவிடும் வேகத்தில் எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். முதலில் வாசலில் போன் எடுக்கத்தான் அவரை வைத்தார்கள். டைப்பிங்குக்குக் கண் வேண்டும் என்று சொன்னவர் முன்னாலேயே உட்கார்ந்து அடித்துக் காட்டி, உள்ளே வந்தவர். பதினொரு வருடமாகிறது. நாங்கள் நான்கு ரிப்போர்ட் முடிப்பதற்குள் ஆறு முடித்துவிட்டு, எங்கள் பிழைகளையும் சொல்லிக்காட்டுவார். யாருக்குத்தான் எரிச்சல் வராது.

போன வாரம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். கம்ப்யூட்டரையே இயக்குகிற புது ஓ.எஸ். வந்திருக்கிறது, போடலாமா வேண்டாமா என்று கேட்டார். போட்டால் எல்லா மெஷினுக்கும் சேர்த்தே போட வேண்டும்.

"புதுசுல என்ன இருக்கு?" என்றார் அக்கா.

கம்ப்யூட்டர் டெக்னீஷியனுக்கு உற்சாகம். "ஐகான் எல்லாம் வட்டமா, அழகா இருக்குக்கா."

"வட்டமா இருந்தா எனக்கென்ன, சதுரமா இருந்தா எனக்கென்ன. குரல் வருதா?"

"சாப்பாட்டு நேரத்துல உங்க மெஷின்லயே போட்டுப் பாத்துட்டேன். எல்லாம் ஓடுது."

"பாத்தீங்க சரி. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்தக் குரல் தலைவலி என்று ஸ்பீக்கரை மூடிவிட்டுச் சோதித்திருக்கிறார் மகானுபாவர். அக்கா விறுவிறுவென்று தன் மேஜைக்குப் போனார், நாங்களும் பின்னாலேயே போய் நின்றோம். டைப் செய்யும் புரோகிராமைத் திறந்ததும் குரல் அடங்கிப்போனது. என்ன தட்டினாலும் வரவில்லை.

"கம்பெனிக்காரங்க மூணு மாசத்துல சரி பண்ணிடுவாங்களாம்" என்று போனில் தேடிப் பார்த்துவிட்டு முனகினார் டெக்னீஷியன்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அதுவரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுங்களேம்மா."

பிரசவ லீவில் போன ஒருத்தி திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் வேறு ஆள் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். உங்க புதுசுக்குத்தான் உடம்பு சரியில்ல. அதுக்குக் குடுங்க ரெஸ்ட்டு."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "சரி, ஓட்டுக்கு விட்டுடுவோம். புதுசு வேணும்கிறவங்க கை தூக்குங்க."

தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் மெஷின் அடிக்கடி உறைந்துபோகும், அதைக் காரணமாகச் சொல்லலாம். உண்மையில் மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பயந்துவிட்டேன்.

"எல்லாரும் தூக்கிட்டாங்கம்மா."

"எனக்குக் கை தெரியாது சார். ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து சொல்லட்டும், அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டு எங்களுக்குப் புதுசு போடுங்கன்னு. கேட்டுட்டுப் போயிடறேன்."

அக்கா நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவசரமே படவில்லை. கடைசியில் மூலை மேஜைக்காரர், "பழசே இருக்கட்டும் சார்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். என் முறை வந்தபோது, "பழசே போதும்" என்று மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

மேனேஜர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். டெக்னீஷியன் அக்காவின் மெஷினில் பழையதையே ஏற்ற ஆரம்பித்தார், ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மத்தவங்க கை எனக்குத் தெரியாது" என்றார். "உன் வளையல் சத்தம் கேட்டுச்சு."