கட்டி கண்டுபிடித்த இரண்டாவது பாதை

இலக்கு மருந்து (புற்றணுவை வளரத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் தடுக்கும் மாத்திரை) வேலை செய்யாமல் போனால், அடுத்த மருந்துக்கு மாறும் முன் கட்டியிலிருந்து மீண்டும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இதுதான் முறை. என் விஷயத்தில் அது நிறைவேற மூன்று மாதங்கள் பிடித்தன. முதல் தாமதத்துக்கு நானே பொறுப்பு.

நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். புகை பிடித்ததில்லை; விதிப்படி எனக்கு வந்திருக்கக் கூடாது. தினம் ஒரு மாத்திரையில் கட்டி சுருங்கியது. ஒன்றரை ஆண்டு பூதலூரில் சாதாரண மனிதனாக நடமாடினேன்.

மாசியில் இருமல் திரும்பியது. சம்பா அறுவடை நேரம். சாலையெல்லாம் நெல் காய்ந்தது. தூசி என்று நான் சொன்னேன், மனைவி சொன்னாள், மருந்துக்கடைக்காரரும் சொன்னார். எங்கள் பக்கத்தில் மாசியில் இருமுகிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை. நெல்லெல்லாம் மூட்டையேறிய பிறகும் இருமிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டலாமே என்று மருத்துவரிடம் கேட்டேன். பொதுப்பணித் துறையில், பாசனப் பிரிவில் மதகுகளை அடைத்தே காலம் தள்ளியவனுக்கு வேறென்ன தோன்றும்?

மருத்துவர் நன்னிலத்துக்காரர், விவசாயக் குடும்பம். "சார், நீங்க மதக அடைச்சா எங்க ஊர்க்காரங்க சும்மா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்துல கரைய வெட்டிடுவாங்க," என்றேன்.

"இதுவும் வெட்டிடுச்சு. அடைச்ச மதக இன்னும் இறுக்கி என்ன பண்றது? எங்க வெட்டிருக்குன்னு பாக்கணும்."

கரையை வெட்டியவர்கள் மீது நான் எழுதிய புகார்கள் ஒரு பீரோ நிறைய இருக்கும். ஒருவரும் தண்டிக்கப்பட்டதாக நினைவில்லை.

பங்குனியில் பயாப்ஸி (சோதனைக்காகச் சிறு சதைத் துண்டு எடுத்தல்) நடந்தது. முதுகு வழியாக ஊசி. நுரையீரலிலிருந்து காற்று கசிந்ததால் மார்பில் குழாயோடு படுத்திருந்தேன். பிறகு அறிக்கை வந்தது: எடுத்த சதை சோதனைக்குப் போதாது.

மீண்டும் குத்தலாம், அல்லது காரணம் தெரியாமலேயே கீமோ (புற்றணுவோடு நல்ல அணுக்களையும் தாக்கும் மருந்து) தொடங்கலாம் என்றார் மருத்துவர். அதற்குள் நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. மறுபடி காற்று கசிந்தால் தாங்குவேனா என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மறுபடி குத்திக்க வேணாங்க. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்கு ஒரு வியாதி. அது இதவிடப் பழசு."

"தெரியாம ஏத்திக்கிட்டா உனக்கு நிம்மதியா இருக்குமா?"

"நீங்க இருந்தாப் போதும்."

மறுநாள் காலை அவளே ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டாம் முறை காற்று கசியவில்லை. சதை வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. காத்திருந்த வாரங்களில் ஒன்று புரிந்தது. என் உடம்பை இதுவரை நான் நிர்வகிப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் அது தன் முடிவுகளை எடுத்த பிறகே எனக்குத் தகவல் அனுப்புகிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்: அடுத்த மருந்து என்ன என்பதற்கு முன், இந்த மருந்து ஏன் தோற்றது என்று கேளுங்கள்.

ஆய்வகத்தின் பதிலை மருத்துவரே போனில் சொன்னார். கட்டி வேறொரு பாதையைத் திறந்திருந்தது. அதை அடைக்க மாத்திரை இருந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார். இதுவும் கேக்காமப் போச்சுன்னா மறுபடி தேடுவோம்," என்றார். மனைவியிடம் சொன்னேன். அடுத்த தடவையும் ஊசி உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன்.

இப்போது இரண்டு மாத்திரைகள். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குவதில்லை. என் பிறந்த தேதி ஓய்வூதிய அலுவலகத்துக்கு மட்டும் பயன்படுகிறது. நான் கணக்கு வைப்பது அந்தப் பதில் வந்த நாளிலிருந்து: வைகாசி பதினொன்று, வெள்ளிக்கிழமை.