தண்ணீர்ப் பானையை உள்ளே கொண்டுவந்தவள்

மருந்துச்சாலைப் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "மக்டலீன். பெண் சிற்றூழியர். எழுத்தறிவில்லை. கடமை, கூட்டுதலும் போத்தல் கழுவுதலும். மருந்து விடயங்களில் விளக்கமற்றவர்." எழுதியவர் நன்றாகப் படித்தவர். மருந்து கொடுக்கும் யன்னலுக்குக் கீழே பதினேழு வருடம் போத்தல் கழுவியவளுக்கும் காது இருக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்துமூன்றாம் ஆண்டு, உலக யுத்தத்தின் நடுவே, கொழும்புத்துறை மருந்துச்சாலைக்குச் சல்பா குளிசை என்ற புது மாத்திரை வந்தது. நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் கைவிட்ட பிள்ளைகளும் எழும்பி நடந்தார்கள். ஒரேயொரு நிபந்தனை, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்புக்குள் மணலாகி நீர்வழியை அடைத்துவிடும். இங்கேயோ நெஞ்சுச்சளி என்றால் முதலில் நிறுத்துவதே தண்ணீரைத்தான். சனம் குளிசையையும் நம்பியது, பத்தியத்தையும் நம்பியது. போன மாதம் ஒரு பிள்ளை அப்படி நீர் கட்டிச் செத்தது. அன்று, மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சீவரத்தினம் ஐயா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்ததை மக்டலீன் பார்த்தாள்.

ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், பொன்மலர் வீட்டு முற்றத்தில் தண்ணீர்ப் பானை வெயிலில் இருக்கக் கண்டாள். நெஞ்சுச்சளியில் கிடந்த அவள் மகன், நாலு வயது லியோன், அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறானாம். அதனால் வெளியே வைத்தார்களாம். குளிசை தொடங்கி அன்று மூன்றாம் நாள்.

"பிள்ளை ஒண்டுக்குப் போனவனோ?" என்றாள் மக்டலீன்.

"நேற்று மத்தியானம் ஒரு துளி. சிவப்பாய். சூடு கழியுதெண்டு இவர் சொன்னவர்."

"ஐயோ, பொன்மலர்! ஐயா தண்ணி குடுக்கச் சொல்லேல்லையோ?"

"சொன்னவர் அக்கா. நெஞ்சுச்சளிப் பிள்ளைக்கு ஆரும் தண்ணி பருக்குவினமே? ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்தனான்."

மக்டலீன் பானையைத் தூக்கினாள். பொன்மலரின் புருசன் சந்தியோகு வாசலை மறித்தான்.

"கூட்டுமாறு பிடிக்கிற கை இப்ப வைத்தியமும் பாக்குதோ? தண்ணி போனால் நெஞ்சடைச்சுச் செத்துப்போவான்."

தண்ணீர் வாயில் இருக்கப் பிள்ளை செத்தால், கூட்டுகிறவள் கொன்றாள் என்றுதான் ஊர் சொல்லும். வேலையும் போகும். மக்டலீன் உள்ளே எட்டிப் பார்த்தாள். லியோனின் நாக்கு கருவாடாய்க் காய்ந்திருந்தது. அழுவதையும் நிறுத்தியிருந்தான்.

"தண்ணி குடுத்துச் செத்தால் என்னை வெட்டு, சந்தியோகு. குடுக்காமல் செத்தால் ஆரை வெட்டுவாய்?"

அவன் பொன்மலரைப் பார்த்தான். பிறகு வாசலை விட்டு விலகினான். மக்டலீன் பானையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"நிண்டு பாக்காதை. ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வா. பொன்மலர், அவர் வருமட்டும் அடுத்த குளிசையைத் தொடாதை."

முதற் கரண்டித் தண்ணீர் கடைவாயால் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. பிந்திவிட்டோமோ என்பது மக்டலீனுக்கும் தெரியாது. மூன்றாவது கரண்டி தொண்டைக்குள் இறங்கியது. சீவரத்தினம் வந்து, பிள்ளையைப் பார்த்து, அடைத்த மணல் இளகச் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து அவள் கையிலேயே கொடுத்தார். பதிவேட்டை அவர் திருத்தவில்லை.

பின்னேரம் லியோன் நீர் கழிக்கும்வரை மக்டலீன் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் பருக்கினாள். அதற்குப் பிறகு, குளிசை வாங்கிய ஒவ்வொரு தாயையும் மருந்துச்சாலை வாசலில் மறித்து, எத்தனை குளிசை, எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்று அவள் தன் வாயால் சொல்லிக் காட்டிய பிறகே வீட்டுக்குப் போக விட்டாள்.