சட்டம் வந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்

நான் கட்டியிருப்பது என் சொந்த அக்கா மகளை. அதனால் அக்காவேதான் எனக்கு மாமியார். இதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வியப்பில்லை. மாதனூரில் எங்கள் தெருவிலேயே இப்படி நாலு வீடு உண்டு.

முதல் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வேலூரில் ஒரு டாக்டர், "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதனாலயும் வந்திருக்கலாம்" என்றார். மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்த மனைவியிடம் அதை நான் சொல்லவில்லை. "முருகன் சோதிக்கிறாரு, அவரே பாத்துப்பாரு" என்றேன். அப்படி நம்பவும் செய்தேன்.

மாசி மாதத்தில் அக்கா என் மகளைத் தன் கடைசிப் பையனுக்குக் கேட்டாள். அவன் என் மனைவிக்குத் தம்பி, மகளுக்குத் தாய்மாமன். ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறான். தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நர்சிங் படிக்கும் மகள் என்னிடம் தனியாக வந்து, "வேணாம்ப்பா. அண்ணனுக்கு வந்தது எங்கொழந்தைக்கும் வந்தா நா தாங்க மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றாள்.

எப்படிச் சொல்வேன்? வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் நான் கட்டிய தாலியே தப்பு என்றாகும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போவது என் மனைவி.

அந்த வாரம்தான், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரப் பேசுகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். முருகனே வழி விட்டார் என்று நினைத்தேன். அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்ததும், "சட்டம் வந்துட்சிக்கா. இனிமே சொந்தத்துல கட்டினா ஜெயிலாம்" என்றேன்.

அக்கா சிரித்தாள். நான் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். "கம்பெனியில தோலத்தான் ஊறப்போடறன்னு நெனச்சேன், மூளையயும் சேத்துப் போட்டுட்டியா? நானும்தான் டிவி பாத்தேன். இன்னும் பேச்சுலதான் கீது. அது வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். வர்ற முகூர்த்தத்துலயே வெச்சிக்க."

சட்டத்தைக் காட்டித் தள்ளிவிடப் பார்த்தவன், கல்யாண நாளைத்தான் கிட்டே இழுத்துவிட்டேன். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "மண்டபம் சொல்லிடு மாமா" என்றாள்.

மகள் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தட்டை நீட்டினாள். என் கை எழவில்லை. "வேணாம்க்கா" என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எம்பொண்ணு வவுத்துல குத்தம்னு அவ எதிர்லயே சொல்றியேடா. நல்லாரு" என்று செருப்பை மாட்டினாள்.

மனைவி அழவில்லை. "நா எந்த ஜென்மத்துல செஞ்ச பாவமோன்னு இத்தினி வருஷமா கிருத்திக தவறாம பட்டினி கெடந்தனே மாமா. பாத்துக்கினுதான இருந்த? ஒரு நாளாவது சொல்லக் கூடாதா?" என்றாள்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகும் அவள் கிருத்திகைக்குப் பட்டினிதான் இருக்கிறாள். இப்போது அன்று நானும் சாப்பிடுவதில்லை. முருகன் படத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். சாமியிடம் கேட்டுவிட்டேன், அவர் மன்னிப்பார். இவளிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.