இருபதைத் தாண்டாத லாரி

போன செவ்வாய்க்கிழமை என் லாரி புகை டெஸ்டில் பாஸ் ஆனது.

இதில் என்ன விசேஷம் என்பீர்கள். என் லாரி பாஸ் ஆகாமல் வேறு யார் லாரி பாஸ் ஆகும்? திருச்செங்கோட்டிலிருந்து கிளீனராகக் கல்கத்தாவுக்கு வந்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, ஆறு லாரிக்கு முதலாளி ஆனவன் நான். லேக் கார்டன்ஸில் சொந்த ஃபிளாட். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் — கண்ணை மூடிக்கொண்டு! இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் படித்துப் படித்துச் சலித்திருப்பீர்கள். பரவாயில்லை. சொல்ல எனக்குச் சலிப்பதில்லை.

தாராதலா பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்துத் தகரக் கொட்டகையில்தான் டெஸ்ட். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் சொருகினார்கள். என் டிரைவர் சுபல் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தான். விட்டான். மறுபடி மிதித்தான். எந்திரத்தில் எண்கள் ஓடின. ‘பாஸ்’ என்று காகிதம் வந்தது.

சுபலிடம் நீட்டினேன். பார்க்காமலே மடித்து டாஷ்போர்டுக்குள் வைத்தான்.

“பாருடா, என்ன நம்பர் வந்திருக்குன்னு!” என்றேன்.

“போன வருஷமும் பாஸ்தானே, தாதா” என்றான். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் நம்பரைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்கே!

போன வருஷம் நடந்ததை இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. காளி பூஜைக் கூட்டத்தைப் பற்றி எழுதினேன், லாரி ஸ்டாண்டு அரசியலைப் பற்றி எழுதினேன்... இதை மட்டும் எழுதவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை.

இப்போது வரும் புது லாரிகளில் டீசல் டேங்கை ஒட்டி இன்னொரு சின்ன டேங்க் இருக்கிறது. நீல மூடி. அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். புகையில் கண்ணுக்குத் தெரியாத விஷம் ஒன்று இருக்கிறதாம். இந்தத் தண்ணீரை சைலன்சருக்குள் பீய்ச்சி அதை முறிக்கிறார்களாம். பங்க்கில் கேன் கேனாக விற்கிறது, சுத்தமாக வடிகட்டியது.

யூரியா எனக்குத் தெரியாதா? நெல்லுக்குப் போடுகிற அதே யூரியாதானே! பாருய்ப்பூரில் உரக்கடையில் ஒரு மூட்டை வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். வேட்டித் துணியில் வடிகட்டினேன். “ஊத்துடா” என்றேன்.

சுபல் கொஞ்சம் தயங்கினான். “தாதா, கேன்ல வேற மாதிரி எழுதியிருக்கே...”

“எழுதினவன் லாரி ஓட்டியிருக்கானா?”

ஊற்றினான்.

அடுத்த வாரமே புகை டெஸ்ட். பாஸ்! லாரி ஸ்டாண்டு டீக்கடையில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே... “கம்பெனிக்காரனுங்க நம்ம காதுல பூ சுத்துறானுங்கய்யா” என்று நாலு பேருக்கு கிளாஸே எடுத்தேன். அந்தக் குழாய் கறுப்புப் புகையை மட்டும்தான் பார்க்கும், கண்ணுக்குத் தெரியாததை அது பார்க்கவே பார்க்காது என்பது எனக்கு எங்கே தெரியும்?

தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

சுபலைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா அம்மா முகம் தெரியாதவன். வளர்த்தது அக்காள் ஷேபாலி. கல்யாணம் செய்துகொள்ளாமல், எங்கள் பக்கத்து ஃபிளாட்டுகளில் சமையல் வேலை செய்து தம்பியை ஆளாக்கியவள். ரயில் பாதை ஓரம் ஒரு ஓட்டு வீடு. ஊரே அவளைத் தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவன் நானும் அப்படித்தான்.

போன வருஷம் பூஜை சமயத்தில் தீதிக்கு ஈரல் கெட்டுவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் இங்கே பாய் ஃபோட்டா. சகோதரிகள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் காத்திருந்து, இடதுகைச் சுண்டுவிரலால் சகோதரன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார்கள். தம்பியை எமன் தொடக்கூடாது என்று செய்கிற சடங்கு. வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர். அன்றைக்கு சுபல் துர்காபூரிலிருந்து இரும்புக் கம்பி ஏற்றி வந்துகொண்டிருந்தான். விடிய ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குக் கல்கத்தாவை ஒட்டிய டான்குனி. அங்கே லாரியைப் போட்டுவிட்டு ரயில் பிடித்தால் பத்து மணிக்கு அக்காள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். கணக்கு போட்டுக் கொடுத்ததே நான்தான்.

ஆறு மணிக்கு ஃபோன். பானாகட் பக்கத்திலிருந்து.

“தாதா, டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கு நேத்துலேர்ந்து எரியுது. இப்ப வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஐம்பதைத் தாண்டல.”

“சத்தம் எப்படி இருக்கு? ஃபோனைத் தூக்கிப் பிடி.”

பிடித்தான். கேட்டேன். ஃபோனிலேயே இன்ஜினுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் அல்லவா நான்!

“ஒண்ணும் இல்லடா. ஓரமா நிறுத்து. அணைச்சிட்டுப் பத்து நிமிஷம் விடு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. பறக்கும் பாரு.”

நாற்பது வருஷமாக எந்த லாரிக்கும் நான் சொல்கிற முதல் மருந்து அதுதான்.

அணைத்தான். ஸ்டார்ட் செய்தான். மறுபடி கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது.

“தாதா... இப்ப இருபதுக்கு மேல போகல. தரையோட மிதிக்கிறேன். இருபதுதான்.”

இருபது! சைக்கிள்காரன் முந்திப் போவான்.

பாதி வழிகூட ஆகாத பர்த்தமான் வந்து சேரவே கிட்டத்தட்ட ஒன்பது ஆகிவிட்டது. அங்கிருந்து கேட்டான். “லாரியை ஒரு தாபாவில போட்டுட்டு ரயில் ஏறிடவா, தாதா? பன்னிரண்டுக்குள்ள வந்துடுவேன்.”

என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். “ஏனுங்க, அந்தப் பையனை ரயிலேத்தி உடுங்க. லாரி எங்கீங்க போயிரும்?” என்றாள்.

நான் சொன்னது என்ன தெரியுமா? “லோடோட வண்டியை விட்டுட்டு வராதே. போகப் போக சரியாயிடும். வா.”

லோடுக்காகவா அப்படிச் சொன்னேன்? இல்லை. லாரியை வழியில் போட்டால் கம்பெனி மெக்கானிக் வருவான். நீல மூடியைத் திறப்பான். என் வேட்டித் துணி வைத்தியம் சந்தி சிரிக்கும். டீக்கடையில் நான் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அதற்காகத்தான். இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

“நீங்க போய் தீதிகிட்ட சொல்லுங்க தாதா, நான் வந்துக்கிட்டிருக்கேன்னு” என்றான்.

போனேன்.

தீதி சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு மினோதி சந்தனம் அரைத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். தட்டில் சந்தேஷ் இனிப்பு, அருகம்புல், விளக்கு. தீதியின் உதடு வெடித்துக் கிடந்தது. இரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்றாள் மினோதி.

“கொத்தோதூர்?” என்றாள் தீதி. எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்கிறாள்.

“பர்த்தமான் தாண்டியாச்சு, தீதி.”

“உங்க லாரி வேகமாப் போகுமாமே. சுபல் சொல்லுவான்.”

“என் லாரியா? காத்து மாதிரி!”

சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் அந்தச் சிரிப்பு...

பத்தரை இருக்கும். மினோதி மெல்லச் சொன்னாள். “தீதி, சுவத்துல வெச்சிடலாம். தம்பி வெளியூர்ல இருந்தா எல்லாரும் சுவத்துலதானே வைக்கிறாங்க? அவன் பேரைச் சொல்லி வெச்சிட்டு ரெண்டு வாய் தண்ணி குடி.”

இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. வர முடியாத தம்பியின் பேரைச் சொல்லிச் சுவரில் பொட்டு வைப்பார்கள். அதுவும் செல்லும். தீதி கையைக்கூட நீட்டிவிட்டாள். மினோதி கிண்ணத்தை எடுத்துவிட்டாள்.

நான் குறுக்கே பேசினேன்.

“சுவரெல்லாம் எதுக்கு? ஒரு மணி நேரத்துல அவனே வந்து உட்காருவான். நான் சொல்றேன் இல்ல? என் லாரி, தீதி!”

நீட்டிய கை கீழே இறங்கியது.

“அப்ப இருக்கேன்” என்றாள்.

அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் பொய். சுபல் பர்த்தமானை அடுத்த ஷக்திகட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது டான்குனி என்றேன். அவன் இன்னும் வயல்களுக்கு நடுவே வரும்போது ரயில் ஏறிவிட்டான் என்றேன். ஒருமுறை ஃபோனை அவள் காதில் வைத்தேன். சுபல் “தீதி, தீதி” என்று கத்துவது எனக்கும் கேட்டது, பின்னால் இன்ஜின் இரைச்சலோடு. “வண்டிச் சத்தம்” என்றாள் என்னிடம், ஏதோ நல்ல சேதி மாதிரி.

பன்னிரண்டு மணிக்கு மினோதி பஞ்சை நனைத்து உதட்டருகே கொண்டுபோனாள். தீதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்து, “தீதி, அவன் வர நேரமாகும், சுவரில் வையுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அளந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது?

ஒன்றேகாலுக்கு மூச்சு நின்றது.

சுபல் வந்து சேர மூன்று மணி. சட்டையெல்லாம் வியர்வை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவனுக்கு. அழவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, சுவரைத்தான் முதலில் பார்த்தான். மேலும் கீழும் தேடினான். சந்தனம் கிண்ணத்தில் காய்ந்து பிளந்திருந்தது.

“சுவத்துலகூட வைக்கலையா?” என்று மினோதியைக் கேட்டான்.

மினோதி என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நாலு நாள் கழித்து சர்வீஸ் சென்டரில் அந்த மெக்கானிக் விளக்கினான். யூரியா சரியில்லை என்றால் லாரியின் கம்ப்யூட்டர் முதலில் விளக்கைப் போடுமாம். கவனிக்காவிட்டால் இழுவையைக் குறைக்குமாம். அதற்கும் அசையாவிட்டால் வேகத்தைப் பூட்டுமாம் — ஆனால் ஓடுகிற வண்டியை நடுரோட்டில் பூட்டாது. நாமாக இன்ஜினை அணைக்கும்வரை காத்திருந்து, அடுத்த ஸ்டார்ட்டில்தான் பூட்டும்.

“ஐம்பதுல ஓடிட்டிருந்த வண்டிங்க இது. அணைக்காம வந்திருந்தா அப்படியே கல்கத்தா வந்திருக்கலாம். எவன் அணைக்கச் சொன்னது?” என்றான்.

ஐம்பதில் வந்திருந்தால்? நானே கணக்குப் போட்டேன். பதினொரு மணிக்குள் தீதியின் முன்னால்.

“நான்தான் அணைச்சேன்” என்றான் சுபல். “யூரியாவும் நான்தான் தெரியாம ஊத்திட்டேன்.”

முதலாளி மானத்தைக் காப்பாற்றினான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு வருஷம் அப்படியே நின்றேன். அவன் வேலைக்கு வந்தான், வண்டி எடுத்தான், தாதா என்றான். நானும் பங்க்கில் கேன் வாங்கி ஊற்ற ஆரம்பித்துவிட்டேன். என்ன பிரயோஜனம்?

இந்த வருஷமும் காளி பூஜை வருகிறது. முந்தாநாள் அவன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். ஒற்றை ஆளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் வேண்டாம் என்றது எதற்காக என்று சொன்னேன். சுவரில் வைக்கவிடாமல் தடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். ஏதாவது திட்டுவான், அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவன் அரிசியை உலையில் போட்டான்.

“மினோதி அன்னிக்கே சொல்லிட்டா, தாதா.”

“அப்புறம் ஏன்டா என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“என்னன்னு கேக்கிறது? எனக்குக் கால் இல்லையா? இறங்கி ரயில் ஏறியிருக்கலாமே. நீங்க சரியாயிடும்னு சொன்னீங்க. சரியாயிடும்னுதான் நானும் மிதிச்சுக்கிட்டே வந்தேன். தீதியும் அதையேதான் நினைச்சிருப்பா.”

அதன் பிறகு உட்காரச் சொன்னான், தேநீர் போட்டான். குடித்துவிட்டு வந்தேன்.

டீக்கடையில் என் பேச்சுக்குத் தலையாட்டுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும். என் மனைவி என் முகத்துக்கு நேரேயே சிரிப்பாள். நீங்களும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பீர்கள். இந்த ஊரில் என் பேச்சை ஒரு எழுத்து குறைக்காமல் நம்பியவர்கள் இரண்டே பேர்.

அவர்களிடமா அளந்தேன்?